நடுவில் நின்ற பம்பை

மாதவராஜை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம். பாசமெல்லாம் அதற்குப் பின்னால் மெதுவாகத்தான் வந்து சேரும். அவன் பம்பை அடிக்க, நான் பக்கத்தில் நின்று உடுக்கை அடித்து, பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதல் எட்டு வருஷம் அவனோடு நிற்பதே சுகம். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் என் உயிரை வாங்கினான். இரண்டும் ஒரே ஆள்தான் என்று வெளியூர்க்காரர் யாரிடமாவது சொன்னால் நம்பமாட்டார்கள்.

என் பெயர் கோவிந்தன். மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தையல் கடை. பங்குனியிலும் ஆடியிலும் பாதி நாள் கடைக்குப் பூட்டுதான். ரவிக்கை தைக்கக் கொடுத்த பெண்கள் என்னைத் திட்டிக்கொண்டே திரும்பிப் போவார்கள். எங்கள் செட்டில் மூன்று பேர். பாடுகிறவர் சென்னப்பன், அவர்தான் தலைவர். அறுபது தாண்டியும் தொண்டை கணீரென்று இருக்கும். உடுக்கை நான். பம்பை மாதவராஜ். எங்களில் அவன்தான் இளையவன், முப்பத்தேழு வயது. பிழைப்புக்குப் பால் சொசைட்டியில் டெஸ்டர் வேலை. ஊரார் கொண்டுவரும் பாலில் கொஞ்சம் எடுத்து மெஷினில் வைத்து, கொழுப்பு எத்தனை என்று படித்துச் சொல்ல வேண்டும். நாலு புள்ளி ஒன்று என்றால் நாலு புள்ளி ஒன்றுதான். சொந்த மாமனார் பாலைக்கூட நாலு புள்ளி இரண்டு என்று சொல்ல அவனுக்கு வாய் வராது.

எங்கள் வேலை கச்சேரி இல்லை. மாரியம்மன் திருவிழாவில் கிணற்றடியிலோ ஏரிக்கரையிலோ கரகம் ஜோடித்து வைப்பார்கள். புதுக்குடத்தில் தண்ணீர் நிரப்பி, மேலே வேப்பிலையும் அரளிப்பூவும் உயரமாகக் கட்டியிருப்பார்கள். அதன் எதிரே நின்று அம்மனை வர்ணித்துப் பாடி அழைக்க வேண்டும். பாட்டும் பம்பையும் ஏற ஏற, கரகம் எடுக்கிறவர்மேல் அருள் இறங்கும். அதற்குப் பிறகுதான் கரகம் தலைக்கு ஏறும். அதுவரை யாரும் தொடக்கூடாது. அங்கிருந்து கோயில் வரை அவர் ஆடிக்கொண்டே வர, நாங்கள் அடித்துக்கொண்டே முன்னால் போவோம். கிணற்றடியில் எடுத்த அடி கோயில் வாசல் வரை அறுபடக்கூடாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்த எட்டு வருஷத்தில் மாதவராஜ் அடித்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிய இரண்டு உருளைகளை இடுப்பில் மாட்டிக்கொண்டு நின்றான் என்றால், பக்கத்தில் பஜ்ஜி போடுகிறவர் கரண்டியை எண்ணெயிலேயே மறந்துவிட்டு நிற்பார். தப்பும் அடிப்பான், இல்லையென்று சொல்லவில்லை. குச்சி வழுக்கும், ஒரு அடி விழாது, அடுத்த அடியில் அதை எப்படியோ சேர்த்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பான். ஒரு தடவை தப்பாக விழுந்த அடியையே திரும்பத் திரும்ப அடித்துப் புதுசாக ஒரு தாள நடை ஆக்கிவிட்டான். சென்னப்பன் பாட்டை நிறுத்தாமலே அவனை முறைத்தார். நாலு ஊர் தள்ளிப் போனதும், அந்த நடையை அடிக்கச் சொல்லி அவரே கேட்டார்.

கெடுத்தது ஒரு செல்போன்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால், பங்குனித் திருவிழாவுக்கு வந்த ஒரு வீடியோக்காரர் அவன் அடித்ததைப் படம் பிடித்து நெட்டில் போட்டார். ஏகப்பட்ட பேர் பார்த்தார்கள், புகழ்ந்தார்கள், எங்களுக்கும் பெருமைதான். எல்லாவற்றுக்கும் கீழே, பேர் ஊர் தெரியாத யாரோ ஒருவர், நாலாவது நிமிஷத்தில் ஒரு அடி விழவில்லை என்று எழுதியிருந்தார். மாதவராஜ் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டான். உண்மைதான், அடி விழவில்லை. இருநூறு பேர் புகழ்ந்ததை அவன் மறந்துவிட்டான், அந்த ஒரு வரி மட்டும் மனதில் தங்கிவிட்டது. அந்த மனுஷன் எதிரில் வந்தால் இன்றைக்கும் நான் இரண்டு வார்த்தை கேட்பேன்.

அதற்குப் பிறகு அவன் எங்கே அடித்தாலும் போனில் பதிவு செய்ய ஆரம்பித்தான். வீட்டுக்குப் போய்க் கேட்பான். மறுநாள் காலை ஆறு மணிக்கு எங்களுக்கு வாய்ஸ் மெசேஜ் வரும். பதினாலாவது நிமிஷத்தில் உடுக்கை முந்திவிட்டது, இருபத்தோராவது நிமிஷத்தில் நான் அரை அடி பின்தங்கினேன், அதற்கு மன்னிக்கவும். இதைக் கேட்டுக்கொண்டு நான் பல் துலக்க வேண்டும். சென்னப்பன் அந்த மெசேஜ்களைத் திறப்பதையே விட்டுவிட்டார். மாதவராஜ் சளைக்கவில்லை. டிக் டிக் என்று தாளம் சொல்லும் ஒரு ஆப்பைப் போனில் ஏற்றிக்கொண்டு, பால் சொசைட்டிக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் உட்கார்ந்து அதனோடு அடித்துப் பழகினான். குச்சியை மாற்றினான். தோலை மாற்றினான். தோலில் விறைப்பு ஏற்றச் சருகு கொளுத்திக் காட்டுவது வழக்கம். நாங்கள் ஒரு தடவை காட்டினால் அவன் ஐந்து தடவை காட்டுவான். ஊரே வெயிலில் காத்துக்கொண்டு நிற்கும்.

அடி சுத்தமாகத்தான் ஆனது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பக்கத்தில் நிற்கிற எனக்குத் தெரியும், அவனுக்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை. என்னைப் பார்ப்பதே இல்லை. கரகம் எடுக்கிறவரையும் பார்ப்பதில்லை. காதைச் சாய்த்துக்கொண்டு, தன் கை எப்போது தப்பும் என்று காவல் காத்துக்கொண்டு நிற்பான். முடிந்ததும் முன்பெல்லாம் சோற்றுப் பந்தியில் ஊர்க்கதை அளந்துவிட்டுத்தான் எழுவான். இப்போது ஒரு ஓரமாகப் போய் நின்று போனைக் காதில் வைத்துக்கொள்வான். நன்றாக அடித்தாய் என்று யாராவது சொன்னால், சொன்னவருக்குக் காது சரியில்லை என்பது போலப் பார்ப்பான்.

போன வருஷம் ஆடி மூன்றாம் வாரம், ஈச்சமரத்துக்கொட்டாய் என்கிற ஊரில் கரகம். அந்த ஊரில் பத்தொன்பது வருஷமாகக் கரகம் எடுப்பவர் பாஞ்சாலி அக்கா. ஐம்பது வயதைத் தாண்டியவர், புருஷன் இல்லை, தக்காளி மண்டியில் கூடை கூடையாகத் தரம் பிரிக்கிற வேலை. மற்ற நாளில் அவர் குரலை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த ஒரு நாள் ஊரே அவர் காலில் விழும்.

காலை ஒன்பது மணி. லேசாகத் தூறல். ஈரத்தில் தோல் தொய்ந்துவிட்டது என்று மாதவராஜ் நாலு தடவை சருகு கொளுத்தினான். ஈரப் புடவையோடு நின்றுகொண்டிருந்த பாஞ்சாலி அக்காவுக்குக் குளிரில் உதடு நடுங்கியது. ஒருவழியாக ஆரம்பித்தோம். சென்னப்பன் அம்மனின் பாதத்தில் தொடங்கி முகம் வரை வர்ணித்துக்கொண்டே போனார். பம்பை ஏறியது. அக்காவின் கண் மேலே சொருகியது, கை இரண்டும் தானாக உயர்ந்தன, உடம்பு முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியது. இன்னும் ஒரு நிமிஷம், கரகம் தலைக்கு ஏறியிருக்கும்.

அப்போது மாதவராஜின் குச்சி விளிம்பில் பட்டு ஒரு அடி மொண்ணையாக விழுந்தது. எனக்குக் கேட்டது. வேறு ஒருவருக்கும் கேட்டிருக்காது. அவன் நிறுத்திவிட்டான்.

"இருங்கண்ணா. மொதல்ல இருந்து எடுத்துக்கலாம்."

கொட்டகையில் பயிற்சி செய்கிற நினைப்பிலேயே சொன்னான் போலிருக்கிறது. சென்னப்பனின் பாட்டு இரண்டு வார்த்தை தனியாகப் போய் நின்றது. என் கையும் நின்றுவிட்டது. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. கிணற்றடியில் ஒரு சத்தமும் இல்லை. பாஞ்சாலி அக்கா தூக்கிய கையோடு அப்படியே நின்றார். பிறகு பக்கவாட்டில் சாய்ந்து கல்லின்மேல் விழுந்தார். முகவாய் கிழிந்து ரத்தம் வந்தது. தூக்கி உட்கார வைத்ததும் கண்ணைத் திறந்து எல்லோரையும் பார்த்தார். வலி என்று சொல்லவில்லை, யாரையும் திட்டவில்லை, சத்தம் போட்டு அழுதார்.

யாரோ மாதவராஜின் சட்டையைப் பிடித்தார்கள், பெரியவர்கள் விலக்கிவிட்டார்கள். சென்னப்பன் என் உடுக்கையை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி ஒரு மணி நேரம் பாடினார். அருள் வரவில்லை. கடைசியில் பூசாரி கற்பூரம் கொளுத்தி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கரகத்தைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார். ஆட்டமில்லை, ஆரவாரமில்லை, யாரோ வீட்டுக்குத் தண்ணீர் கொண்டு போவது மாதிரி இருந்தது.

திரும்பி வரும்போது வண்டியில் நான் அவன் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்தேன். பேசினால் அடித்துவிடுவேன் என்று பயம். அவன்தான் ஆரம்பித்தான்.

"தப்பா அடிச்சுக் கூப்பிட்டா ஆத்தா வருவாளாண்ணா?"

இத்தனை நடந்தும் அவனுக்கு உறுத்தியது அந்த மொண்ணை அடிதான். நான் டிரைவரிடம் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, மூன்று கிலோமீட்டர் நடந்தே வீட்டுக்குப் போனேன்.

சென்னப்பன் அவனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அரூர்ப் பக்கத்திலிருந்து கதிரவன் என்று ஒருவனைச் சேர்த்துக்கொண்டார். நல்ல பையன், கை சுமார். மாதவராஜ் சண்டை போடவில்லை. தப்பே இல்லாமல் அடிக்கப் பழகிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியனுப்பினான். அதைக் கேட்டபோதே இது உருப்படாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தை பிறந்த பிறகு அவன் மனைவி யுவராணி ரவிக்கைத் துணியோடு கடைக்கு வந்தாள். அளவு கொடுத்துவிட்டு நகராமல் நின்றாள். என்னம்மா என்று கேட்டதற்குக் கொட்டித் தீர்த்துவிட்டாள். தினமும் காலையிலும் சாயங்காலமும் பம்பையை எடுக்கிறானாம். ஒரு அடி பிசகினால் முதலிலிருந்து ஆரம்பிக்கிறானாம். ஐந்து மாதத்தில் ஒரு வர்ணிப்பைக்கூடக் கடைசி வரை அடிக்கவில்லையாம்.

"தெனம் எங்க வூட்ல ஆத்தா கெளம்பறாங்கண்ணா. கோயிலுக்கு மட்டும் வந்து சேர மாட்டேங்கறா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது, ஆனால் கண்ணில் தண்ணீரோடு. அவன் பம்பையை ரசித்து அடித்து எத்தனை நாளாகிறது என்று அவள் கேட்டாள்.

அடுத்த வாரமே பாஞ்சாலி அக்கா கடை வாசலில் வந்து நின்றார். தக்காளி வண்டியிலேயே ஏறி வந்திருந்தார். முகவாயில் வெட்டுத் தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது. மாதவராஜ் வீடு எது என்று கேட்டார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, ஒரு சாட்சி இருக்கட்டுமே என்று நானே வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன்.

அவன் வாசலில் உட்கார்ந்து, போன் டிக் டிக் என்று அடிக்க, அதோடு அடித்துக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் குச்சி கையிலிருந்து விழுந்தது. எழுந்து நின்று கும்பிட்டான். ஒரு அடி தப்பியதையும், நிறுத்தியதையும், அன்றைய ஈரத்தையும் தோலையும் பற்றி ஏதேதோ சொல்ல ஆரம்பித்தான். அக்கா கையைக் காட்டி அவன் பேச்சை நிறுத்தினார்.

"உன் அடியெல்லாம் எனக்குக் கேக்காது தம்பி. பத்தொம்பது வருசத்துல ஒருக்காவும் கேட்டதில்ல. அன்னிக்கு நீ நிறுத்தினது மட்டுந்தான் கேட்டுச்சு."

மாதவராஜின் முகம் போன போக்கை நான் சொல்லப்போவதில்லை. இரண்டு வருஷமாக அவன் ஒவ்வொரு அடியையும் யாருக்காகக் காவல் காத்தானோ, அந்த ஆளே வந்து, நான் அதைக் கேட்டதே இல்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்.

அக்கா வந்த விஷயத்தைச் சொன்னார். அன்றைக்குப் பிறகு அவருக்கு அருள் வரவே இல்லை. தைப் பௌர்ணமி பூஜையில் கதிரவன் அடித்தான், சென்னப்பன் பாடினார், ஒன்றும் நடக்கவில்லை. வருகிற ஆடியிலும் வராவிட்டால் கரகத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம் என்று ஊரில் பேசுகிறார்கள். அந்த ஒரு நாளை நினைத்துக்கொண்டுதான் மற்ற நாளெல்லாம் தக்காளி பொறுக்குகிறேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். சொல்லும்போது குரல் கொஞ்சமும் இறங்கவில்லை. பிச்சை கேட்க வந்தவர் மாதிரி இல்லை, வேலை வாங்க வந்தவர் மாதிரிதான் இருந்தார்.

கதிரவன் பழகப் பழக நன்றாக அடிப்பான், அவனையே வைத்துக்கொள்ளுங்கள் என்று மாதவராஜ் மெல்லச் சொன்னான்.

"அவன் நல்லாத்தான் அடிச்சான். எனக்குத்தான் பயம் வுடல. எங்க நிறுத்திருவானோன்னு காது அதையே பாத்துக்கிட்டு நிக்குது. அப்புறம் ஆத்தா எங்க வருவா? நிறுத்தினவன் நீதான். நீதான் நிறுத்தாம அடிக்கோணும்."

"எனக்குக் கை தப்புங்கக்கா."

"தப்பட்டும்."

அவ்வளவுதான் சொன்னார். யுவராணி கொடுத்த மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். அவரை பஸ் ஏற்றிவிட்டு நான் கடைக்கு வந்து, பிடரி வலிக்கும்வரை தைத்தேன். எதைத் தைத்தேன் என்று ஞாபகம் இல்லை.

அன்று தொடங்கி ஆடி வரை மாதவராஜ் பட்ட பாடு இருக்கிறதே, அதைப் பயிற்சி என்று சொல்ல மாட்டேன். தப்பில்லாமல் அடிக்க ஒரு ஆள் பழகுவதை நாம் பார்த்திருக்கிறோம். இவன் தப்பு விழுந்த பிறகும் நிறுத்தாமல் இருக்கப் பழகினான். தினம் ஒரு வர்ணிப்பு, தொடக்கத்திலிருந்து முடிவு வரை, என்ன ஆனாலும் ஒரே மூச்சில். முதல் நாள் மூன்று நிமிஷத்தில் கை நின்றது. அவன் மனசு வேண்டுமென்று நிறுத்தவில்லை. கொதிக்கிற பாத்திரத்தைத் தொட்டதும் கை பின்னால் வருமே, அப்படி நின்றது.

யுவராணிதான் வழி கண்டுபிடித்தாள். ஒரு பித்தளைக் குடத்தைக் கவிழ்த்து எதிரில் வைத்துக்கொண்டு, கையில் கரண்டியோடு உட்கார்ந்தாள்.

"நீங்க நிறுத்துங்க. நிறுத்தின எடத்துல இருந்து நான் அடிக்கறேன்."

யுவராணிக்கும் தாளத்துக்கும் ஏழாம் பொருத்தம். அவன் கை நின்றதும் அவள் குடத்தைப் போட்டு அடிப்பாள் பாருங்கள், தெருநாய் எழுந்து ஓடும். ஒரு அடி மொண்ணையானதற்கே உயிர் போகிற மனுஷன், அதைக் கேட்டுக்கொண்டு எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பான்? பொறுக்க முடியாமல் குச்சியை எடுத்து மறுபடி சேர்ந்துகொள்வான். அவன் சேர்ந்ததும் அவள் கையை எடுத்துவிடுவாள். அவன் நின்றால் குடம் பேசும். இப்படி இரண்டு மூன்று மாதம். அக்கம்பக்கத்தில் அவளைப் பற்றி என்னென்னவோ பேசினார்கள், அவள் சட்டை செய்யவில்லை.

நான் வாரத்துக்கு இரண்டு நாள் உடுக்கையோடு போவேன். வேண்டுமென்றே முந்துவேன், பிந்துவேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அடிப்பான். ஒரு நாள் நடுவில் குச்சியை வீசி எறிந்துவிட்டு, இதற்கு நான் பால் கறந்து பிழைத்துக்கொள்கிறேன் என்று எழுந்து போனான். அரை மணி நேரம் கழித்து அவனே குச்சியைப் பொறுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். யுவராணி கரண்டியை எடுத்துக்கொண்டாள். சித்திரையில் ஒரு நாள், கவனித்துப் பார்த்தால், யுவராணி குடத்தைத் தொடவே இல்லை. கை நாலு இடத்தில் தப்பியது. ஒவ்வொன்றுக்கும் அவன் முகம் சுளித்தது. ஆனால் பாட்டு முடிந்தது. யுவராணி குடத்தை நிமிர்த்தித் தண்ணீர் பிடிக்க எடுத்துக்கொண்டு போனாள்.

சென்னப்பனைச் சம்மதிக்க வைப்பது அதைவிடக் கஷ்டம். ஊர் முன்னால் ஒரு தடவை தலை குனிந்தாயிற்று, இன்னொரு தடவை முடியாது என்று சொல்லிவிட்டார். பாஞ்சாலி அக்கா கோயிலில் போய், மாதவராஜ் அடித்தால்தான் கரகத்துக்கு நிற்பேன், இல்லாவிட்டால் இப்போதே வேறு ஆள் பாருங்கள் என்று ஒரே வார்த்தையாகச் சொன்ன பிறகுதான் இறங்கி வந்தார். அப்போதும் ஒரு நிபந்தனை போட்டார். கதிரவனும் பம்பையை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னால் நிற்க வேண்டும். இவன் நின்றால் அவன் எடுத்துக்கொள்வான். மாதவராஜுக்கு அது அவமானம்தான். சரி என்றான்.

இந்த ஆடியில், அதே கிணற்றடி. தூறல் இல்லை, நல்ல வெயில். போன வருஷத்தைவிட இரண்டு மடங்கு கூட்டம். பாதிப் பேர் சாமி பார்க்க வந்தவர்கள், மீதிப் பேர் அவன் நிறுத்துவானா என்று பார்க்க வந்தவர்கள். மாதவராஜ் ஒரே ஒரு தடவை சருகு கொளுத்தித் தோலைக் காட்டினான். பாஞ்சாலி அக்கா மஞ்சள் புடவையில், கண்ணைத் திறந்தபடி, நேராக அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சென்னப்பன் எடுத்தார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். அக்காவின் கண் மூடவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு வந்தது. பன்னிரண்டாவது நிமிஷம் இருக்கும், அவன் கை தப்பியது. போன வருஷம் போல ஒரு மொண்ணை அடி இல்லை இது, ஒரு நடையே புரண்டு போனது. இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது. பாஞ்சாலி அக்காவின் உடம்பு விறைத்தது. கதிரவன் ஒரு எட்டு முன்னால் வைத்தான். நான் அவனைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

மாதவராஜின் முகம் வலியில் கோணியது. வலதுகைக் குச்சி காற்றில் ஒரு கணம் தயங்கியது. பிறகு இறங்கியது. தப்பாகவேதான் இறங்கியது. அடுத்ததும் தப்பு. அதற்கடுத்ததும் சேரவில்லை. அவன் விடவில்லை, தடுமாறிக்கொண்டே அடித்தான், கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழிய அடித்தான். நான் உடுக்கையை அவன் தப்புக்குப் பக்கத்தில் கொண்டு போனேன். சென்னப்பன் பாட்டை அரை வரி நீட்டி எங்களுக்காகக் காத்து நின்றார். நாலாவது சுற்றில் மூன்று பேரும் ஒரு இடத்தில் வந்து சேர்ந்தோம். அதற்கு முன்னால் எங்கள் செட்டில் யாரும் அடித்திராத ஒரு நடை அது.

பாஞ்சாலி அக்கா ஒரு நீண்ட மூச்சு விட்டார். கண் மூடியது. கை உயர்ந்தது. கூட்டம் ஓவென்று கத்தியதுதான் எனக்குத் தெரியும், கரகம் எப்போது தலைக்கு ஏறியது என்று நான் பார்க்கவில்லை. என் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிணற்றடியிலிருந்து கோயில் முக்கால் கிலோமீட்டர். அக்கா கரகத்தைக் கையால் பிடிக்காமல் ஆடிக்கொண்டு வந்தார். வழியில் மாதவராஜ் எத்தனை தடவை தப்பினான் என்று எனக்குத் தெரியாது, நானும் நிறைய தப்பினேன். கோயில் வாசலில் கரகத்தை இறக்கினார்கள். பூசாரி திருநீறு பூசி, எலுமிச்சம்பழம் கொடுத்து, அம்மனை மலையேற்றினார். அக்கா வாசற்படியில் உட்கார்ந்து சொம்புத் தண்ணீரைக் குடித்தார். முடிந்தது என்று சென்னப்பன் கையைத் தூக்கிக் காட்டினார். நான் உடுக்கையை நிறுத்தினேன்.

மாதவராஜ் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடித்துக்கொண்டே இருந்தான். கூட்டம் பந்திக்குக் கலைந்தது. கதிரவன் பம்பையை அவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான். யுவராணி கூப்பிட்டாள், காதில் விழவில்லை. சென்னப்பன் கிட்டே போய்த் தோளைத் தொட்டார், அதற்கும் நிற்கவில்லை. கடைசியில் பாஞ்சாலி அக்காதான் சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். சாமி மலையேறிய பிறகு வரும் சோர்ந்த குரல், மற்ற நாளில் அவருக்கு இருக்கிற மெல்லிய குரல்.

"ஆத்தா போயிட்டா தம்பி. இன்னும் யாருக்கு அடிக்கற?"

அவன் கண்ணைத் திறந்தான். சுற்றிலும் பார்த்தான். யாரும் இல்லை, நாங்கள் நாலு பேர்தான்.

"எனக்குத்தாங்கக்கா."

சொல்லிவிட்டு அடுத்த நடையை எடுத்தான். பந்தியில் இலை போட்டுவிட்டார்கள் என்று யாரோ வந்து சொன்னார்கள். போய்ச் சாப்பிடுங்கள் என்று அக்கா எங்களை அனுப்பிவிட்டு, அவன் முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.